டெலஸ்கோப் கண்ணாடியைச் சோதிக்க எந்த லைட் நல்லம்? திருகோணமலைப் பொடியள் கேக்கிற கேள்விகளும் என்ர பதில்களும்

முதல்ல நான் ஆர் எண்டு சொல்லிடுறன். என்னட்ட இருக்கிறது 150 மிமீ கண்ணாடி, 750 மிமீ ஃபோக்கல் லெங்த் (கண்ணாடியில இருந்து வெளிச்சம் ஒண்டு சேர்ற இடம் வரைக்கும் உள்ள தூரம்), அதாவது எஃப் 5 (750 ஐ 150ஆல பிரிச்சா வாறது) நியூட்டோனியன், லென்ஸுக்குப் பதிலாக் கண்ணாடியால வெளிச்சத்தச் சேக்கிற டெலஸ்கோப். சாமான் எல்லாம் சேத்து வீட்டில கட்டினது. படிச்ச எஞ்சினியர் ஒண்டும் இல்ல, பிழை விட்டு விட்டுப் பழகின ஆள். மாசத்துக்கு ரெண்டு மூண்டு பேர் இதே கேள்வியளக் கேக்கிறதால ஒரே இடத்தில எழுதி வச்சா பேந்து லிங்க் குடுத்தாக் காணும் எண்டு நினைச்சன்.

வானம் நிறைய நட்சத்திரம் இருக்கேக்க லைட் எதுக்கு?

நல்ல கேள்வி, நானும் இதத்தான் முதல்ல கேட்டன். வெளிநாட்டு ஆக்கள் எழுதினதப் படிச்சா எல்லாரும் துருவ நட்சத்திரத்தில சோதியுங்க, அது அசையாது எண்டுவினம். அது அவையின்ர ஊருக்குச் சரி. திருகோணமலை கிட்டத்தட்ட 8.5 பாகை வடக்கில இருக்கு, அப்ப துருவ நட்சத்திரமும் அடிவானத்தில இருந்து அவ்வளவு உயரத்திலதான் நிக்கும். நிலாவெளிப் பக்கம் போய் நிண்டா கடலுக்கு மேல உப்புப் புகைக்குள்ள மங்கலா ஒரு புள்ளி தெரியும், தெரிஞ்சா அதிஷ்டம். அந்த உயரத்தில பாக்கேக்க தலைக்கு மேல பாக்கிறத விட 6 மடங்குக்கு மேல காத்துக்குள்ளால வெளிச்சம் வருது, அதில எயரி டிஸ்க் (டெலஸ்கோப்பில நட்சத்திரம் தெரியிற சின்ன வட்டு, கீழ விளக்கமாச் சொல்லுறன்) பாக்கிறது எண்டது கனவு.

சரி, ரைஜலையோ சிரியஸையோ பாப்பம் எண்டா அதுகள் ஓடும். மோட்டர் இல்லாத, கையால தள்ளித் திருப்புற டொப்சோனியன் ஸ்டாண்டில 200 மடங்கு பெருக்கம் போட்டா சாதாரண ஐபீஸ்ல (கண் வச்சுப் பாக்கிற லென்ஸ்) கால் பாகைதான் தெரியும், நட்சத்திரம் ஒரு செக்கனுக்கு 15 ஆர்க் செக்கன் (ஒரு பாகையில 3600 ஆர்க் செக்கன்) ஓடுது, அப்ப ஒரு கரையில இருந்து மற்றக் கரைக்கு 60 செக்கன். அந்த ஒரு நிமிசத்துக்குள்ள ஃபோக்கஸை உள்ள வெளிய ஆட்டிப் பாத்து, கண்ணாடி ஸ்க்ரூவைத் திருகி, திரும்பத் தேடி... ஒருக்காச் செய்து பாருங்க, விளங்கும். அதோட ஒக்டோபர்ல வாடை மழை துவங்கினா ஜனவரி வரைக்கும் வானமே இல்ல. செயற்கை நட்சத்திரம், அதாவது நட்சத்திரத்துக்குப் பதிலாத் தூரத்தில வைக்கிற சின்னப் புள்ளி லைட், ஓடாது, மழை விட்ட பத்து நிமிசத்திலயும் பாக்கலாம். ஆனா அது பொய்யும் சொல்லும், அத கீழ சொல்லுறன்.

எந்த டெஸ்டுக்கு எந்த லைட்?

மூண்டு வேலைய ஆக்கள் ஒண்டாப் போட்டுக் குழப்பிறதுதான் பிரச்சினை.

ஒண்டு ஸ்டார் டெஸ்ட். கட்டி முடிச்ச டெலஸ்கோப்பால தூரத்தில இருக்கிற ஒரு சின்னப் புள்ளியப் பாத்து, ஃபோக்கஸுக்கு உள்ளயும் வெளியயும் வாற வட்டங்கள ஒப்பிடுறது. கொலிமேஷன், அதாவது டெலஸ்கோப்புக்குள்ள கண்ணாடியள் நேரா நிக்குதா எண்டு பாக்கிறதும் இதோட சேத்தி. இதுக்கு வேண்டியது மெத்தச் சின்னப் புள்ளி, கனக்கத் தூரம்.

ரெண்டாவது, கண்ணாடி தேய்க்கேக்க செய்யிற ஃபூக்கோ, ரொங்கி டெஸ்ட். பிரான்சில லியோன் ஃபூக்கோ 1858ல சொன்ன கத்தி விளிம்பு முறை, இத்தாலியில வாஸ்கோ ரொங்கி 1923ல சொன்ன, நெருக்கமாக் கோடு போட்ட கண்ணாடியால பாக்கிற கோட்டுக் கண்ணாடி முறை. இதுக்குத் தூரம் தேவையில்ல, கண்ணாடியின்ர வளைவு மையத்தில, அதாவது ஃபோக்கல் லெங்த்தின்ர ரெண்டு மடங்கில லைட்டை வைக்கிறது. என்ர கண்ணாடிக்கு 1500 மிமீ, மேசையிலயே முடிஞ்சிடும்.

மூண்டாவது இன்டர்ஃபெரோமீட்டர், அதுக்கு மட்டும்தான் லேசர் கட்டாயம். நான் செய்ததில்ல, அதால இஞ்ச விடுறன்.

புள்ளி எவ்வளவு சின்னதா இருக்க வேணும்?

இதுதான் முழுக் கதையும். வெளிச்சம் எவ்வளவு பிரகாசம், டோர்ச் என்ன விலை எண்டதெல்லாம் பிறகு. ஓட்டையின்ர அகலத்தத் தூரத்தால பிரிச்சா வாற கோணம், உங்கட டெலஸ்கோப்பின்ர எயரி டிஸ்க்க விட நல்லாச் சின்னதா இருக்க வேணும், அவ்வளவுதான்.

எயரி டிஸ்க் எண்டது, எவ்வளவு திறமான கண்ணாடி எண்டாலும் ஒரு நட்சத்திரத்தப் புள்ளியாக் காட்ட ஏலாது, சின்ன வட்டாத்தான் காட்டும், சுத்தி மெல்லிய வளையங்களோட. 1835ல ஜோர்ஜ் எயரி கணக்குப் போட்டுக் காட்டினவர், அதால அந்தப் பேர். 150 மிமீ கண்ணாடிக்குப் பச்சை வெளிச்சத்தில அந்த வட்டின்ர குறுக்களவு 1.85 ஆர்க் செக்கன் வரும். ஆர்க் செக்கன்ல சொன்னா ஆருக்கும் கைக்குள்ள பிடிபடாது, அதால இப்பிடி வச்சுக்கொள்ளுங்க: 150 மிமீ கண்ணாடிக்கு ஒவ்வொரு மீற்றர் தூரத்துக்கும் 9 மைக்ரோன் (மைக்ரோன் எண்டது மில்லிமீற்றர்ல ஆயிரத்தில ஒண்டு). ஓட்டை அதில கால்வாசியா இருந்தா நிம்மதி, அதாவது மீற்றருக்கு 2.2 மைக்ரோன். 114 மிமீ கண்ணாடிக்கு மீற்றருக்கு 3, 200 மிமீக்கு 1.7.

உதாரணத்துக்கு என்ர கண்ணாடியை 45 மீற்றர்ல சோதிச்சா 100 மைக்ரோன் ஓட்டை காணும், மில்லிமீற்றர்ல பத்தில ஒண்டு, ஊசியாலயே குத்தலாம். அதையே 15 மீற்றர்ல சோதிச்சா 33 மைக்ரோன் வேணும், தலைமுடியே அதவிட மொத்தம். கொலிமேஷன் மட்டும்தான் பாக்கப்போறீங்க எண்டா எயரி டிஸ்க்கில பாதி அளவு ஓட்டையும் பரவாயில்ல. புள்ளி பெருத்துப்போனா என்ன நடக்கும் எண்டா, வளையங்கள் ஒண்டோட ஒண்டு கலந்து மழுங்கி, பிழையான கண்ணாடியும் நல்ல கண்ணாடி மாதிரித் தெரியும்.

எவ்வளவு தூரத்தில வைக்கிறது? ஃபோக்கல் லெங்த்தின்ர 20 மடங்கு காணும் எண்டு சொல்லுறாங்களே?

இதில நான் நல்லா அடி வாங்கினனான், கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

20 மடங்கு எண்ட கணக்க நானும் வேதவாக்கா எடுத்தன். 750 ஐ 20ஆல பெருக்கினா 15 மீற்றர். தெரிஞ்ச ஆள் ஒருத்தரின்ர கட்டடத்தில நீட்டு விறாந்தை ஒண்டு, அளந்தா சரியா 15 மீற்றர் சொச்சம். கடவுளே தந்தது எண்டு நினைச்சு ராத்திரி ஃபேன் எல்லாத்தையும் நிப்பாட்டிட்டு, ஒரு பக்கம் லைட், மறுபக்கம் டெலஸ்கோப். பாத்தா ஃபோக்கஸுக்கு உள்ளால வட்டத்தின்ர ஓரம் பஞ்சு மாதிரிக் கரைஞ்சு போகுது, வெளியால பாத்தா ஓரத்தில கம்பி வளைச்சு வச்ச மாதிரிப் பளிச்செண்டு ஒரு வளையம். ஓவர் கரெக்ஷன். விளிம்பு அளவுக்கு மிஞ்சித் தேய்ஞ்சு போச்சு எண்டு அர்த்தம். ஃபூக்கோல பாத்து ரெண்டு மாசமாத் தேய்ச்ச கண்ணாடி, எனக்கு அழுகை வராத குறை. அடுத்த நாள் பிட்ச் (கண்ணாடியப் பொலிஷ் பண்ணப் பாவிக்கிற தார் மாதிரிச் சாமான்) உருக்கிறதுக்குச் சட்டியும் எடுத்து வச்சிட்டன், திரும்பத் தேய்க்கிறதுக்கு.

சட்டிய அடுப்பில வைக்கிறதுக்கு முதல் சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாத்ததாலதான் தப்பினன். பரவளையக் கண்ணாடி எண்டது முடிவில்லாத் தூரத்தில இருந்து வாற வெளிச்சத்துக்காகச் செய்தது. லைட்டைக் கிட்டக் கொண்டு வந்தா திறமான கண்ணாடியும் ஓவர் கரெக்ஷன் காட்டியே தீரும். கிட்ட வரவரக் கூடும், வளைவு மையத்துக்கு வந்தா ஃபூக்கோல நாங்க பாக்கிற அந்த வடை மாதிரி மேடு பள்ளம், அதுவும் இதே சாமான்தான், உச்சத்தில. எவ்வளவு பிழை வரும் எண்டத இப்பிடிக் கணக்கிடலாம்: கண்ணாடியின்ர ஆரையை நாலு தடவை எழுதி ஒண்டோட ஒண்டு பெருக்குங்க, அத எடுத்து, ஃபோக்கல் லெங்த்தின்ர வர்க்கம், தூரம், 32, இந்த மூண்டையும் பெருக்கி வாறதால பிரியுங்க. எல்லாம் மில்லிமீற்றர்ல.

என்ர கண்ணாடிக்கு 15 மீற்றர்ல 117 நானோமீற்றர் வந்திச்சு. நல்ல கண்ணாடி எண்டு சொல்லுற எல்லைக் கோடு கால் அலை, அதாவது வெளிச்சத்தின்ர அலை நீளத்தில கால்வாசி, பச்சை வெளிச்சத்துக்கு 137 நானோமீற்றர். அப்ப நான் பாத்த பிழை முழுக்க விறாந்தையின்ர பிழை, கண்ணாடியில ஒண்டும் இல்ல. அடுத்த கிழமை மக்கெய்சர் மைதானப் பக்கம் போய் 45 மீற்றர்ல வச்சுப் பாத்தன், பிழை 39 நானோமீற்றராக் குறையும் எண்டு கணக்கு சொல்லிச்சு, வட்டங்கள் உள்ளயும் வெளியயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பிட்ச் சட்டி திரும்ப அலுமாரிக்குள்ள போச்சு.

அப்ப 20 மடங்கு பொய்யா எண்டா, முழுப் பொய்யும் இல்ல. 114 மிமீ, 900 ஃபோக்கல் லெங்த் உள்ள கண்ணாடிக்கு 18 மீற்றர்ல வெறும் 23 நானோமீற்றர்தான், பிரச்சினையே இல்ல. 150க்கு 1200 எண்டாலும் 24 மீற்றர்ல 29 நானோமீற்றர், நல்லம். எஃப் 5, எஃப் 6 எண்டு கட்டையான டெலஸ்கோப்புகள்தான் மாட்டும், அதிலயும் பெரிய கண்ணாடி எண்டா இன்னும் மோசம். 200க்கு 1200 வச்சிருக்கிற தம்பி ஒராள் 24 மீற்றர்ல சோதிச்சா 90 நானோமீற்றர் பொய் வரும், 60 மீற்றருக்குப் போக வேணும். கொலிமேஷன் மட்டும் பாக்கிறதெண்டா இந்தக் கணக்கு ஒண்டும் தேவையில்ல, 20 மடங்கு தாராளம், ஏனெண்டா கொலிமேஷன்ல நாங்க பாக்கிறது வட்டங்கள் நடுவில இருக்கா எண்டத மட்டும்தான்.

ஷ்மிட் கஸக்ரேன் (முன்னால லென்ஸும் உள்ள ரெண்டு கண்ணாடியும் இருக்கிற கட்டைக் குழாய் டெலஸ்கோப்) வச்சிருக்கிற ஆக்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில ஃபோக்கஸ் பண்ணேக்க பிரதான கண்ணாடியே நகரும், அதுவும் ஒரு பிழையச் சேக்கும். ஏலுமான அளவு தூரத்துக்குப் போங்க.

லைட் தெரியுது, ஆனா ஃபோக்கஸே வருதில்ல?

ஃபோக்கஸர் வெளிய இழுபடுற தூரம் காணாம இருக்கும். கிட்ட இருக்கிற சாமானுக்கு ஃபோக்கஸ் வெளியால தள்ளிப் போகும். 1200 மிமீ டெலஸ்கோப்பால 30 மீற்றர்ல பாத்தா 50 மிமீ வெளிய வரவேணும், என்ர 750ல 45 மீற்றருக்கு 13 மிமீ. எக்ஸ்டென்ஷன் டியூப் ஒண்டு போடுங்க. அவசரத்துக்கு நான் பழைய பார்லோவில (பெருக்கத்தக் கூட்டுற லென்ஸ் குழாய்) லென்ஸைக் கழட்டிட்டு வெறும் குழாயப் பாவிக்கிறனான்.

ஓட்டைய எப்பிடிச் செய்யிறது? அளவு எப்பிடித் தெரியும்?

சோறு சுத்துற அலுமினியம் ஃபோயில நாலா மடிச்சு, ஒரு கண்ணாடித் துண்டுக்கு மேல வச்சு, ஆக மெல்லிய தையல் ஊசிய நிமித்திப் பிடிச்சு மெதுவாத் தொடுங்க. குத்தக் கூடாது, தொடுறது மட்டும். பிரிச்சுப் பாத்தா மேல் மடிப்பில பெரிய ஓட்டை, கீழ போகப்போகச் சின்னது, ஆகக் கீழ ஓட்டை விழுந்தும் விழாமலும் ஒண்டு இருக்கும், அதுதான் எங்களுக்கு வேண்டியது. இன்னொரு முறை, சோடா டின் தகரத்தில ஊசியால சின்னக் குழி போட்டு, மறுபக்கம் புடைச்சிருக்கிறத 1000 நம்பர் எமரி பேப்பரால தேய்க்கிறது, தேயத்தேய ஓட்டை மெல்லத் திறக்கும். இதில ஓட்டை வட்டமா வரும், கைப்பழக்கம் வேணும்.

அளக்கிறதுக்கு மைக்ரோஸ்கோப் தேவையில்ல. சிவப்பு லேசர் பொயின்ரரை ஓட்டைக்குள்ளால அடிச்சு 2 மீற்றர் தள்ளி வெள்ளைச் சுவரில விழுத்துங்க. நடுவில வெளிச்ச வட்டம், சுத்தி ஒரு கறுப்பு வளையம் தெரியும். அந்த முதல் கறுப்பு வளையத்தின்ர குறுக்களவ மில்லிமீற்றர்ல அளந்து, 3170 ஐ அதால பிரிச்சா ஓட்டை எத்தின மைக்ரோன் எண்டு வரும். வளையம் 63 மிமீ எண்டா ஓட்டை 50 மைக்ரோன், 32 மிமீ எண்டா 100. ஓட்டை சின்னதா இருந்தா வளையம் பெருசா விழும், முதல் தரம் பாக்கேக்க தலைகீழா இருக்கே எண்டு நான் குழம்பினனான். வளையம் நீள்வட்டமா இருந்தா ஓட்டையும் வட்டமில்ல, அத எறிஞ்சிட்டு அடுத்ததக் குத்துங்க. இந்தக் கணக்கு 650 நானோமீற்றர் சிவப்புக்கு மட்டும்.

ஓட்டையே வேணாம், லேசான வழி ஏதும்?

இருக்கு, எனக்கு ஆகப் பிடிச்சது இதுதான். சைக்கிள் கடையில பெயரிங் குண்டு ஒண்டு கேளுங்க, பின்சில்லுக்குப் போடுற கால் இஞ்சிக் குண்டு. புதுசா, பளபளப்பா, துரு இல்லாம. எங்கட உப்புக் காத்துக்கு ரெண்டு கிழமையில பூத்திடும், அதால துளி எண்ணெய் தடவி வைங்க, பாவிக்கேக்க துடையுங்க. அதக் கறுப்புத் துணியில வச்சு வெயில்ல விட்டா, குண்டுக்குள்ள சூரியன் ஒரு சின்னப் புள்ளியாத் தெரியும். அந்தப் புள்ளியின்ர அளவு, குண்டின்ர குறுக்களவ 430ஆல பிரிச்சா வாறது. கால் இஞ்சி எண்டா 6.35 மிமீ, அப்ப புள்ளி 15 மைக்ரோன். 15 மைக்ரோன் ஓட்டைய ஊசியால குத்தத் தலைகீழா நிண்டாலும் ஏலாது, குண்டு சும்மா தருது.

சூரியன் உங்கட முதுகுப் பக்கம் இருக்கோணும், டெலஸ்கோப் சூரியனுக்கு எதிர்ப் பக்கம் பாக்கோணும். தவறியும் குழாயச் சூரியன் பக்கம் திருப்பாதீங்க, சின்னப்பிள்ளையள் பக்கத்தில நிண்டா இன்னும் கவனம், கண் போனா போனதுதான்.

ராத்திரியிலயும் செய்யலாம். 25 மிமீ முகம் உள்ள டோர்ச்ச குண்டில இருந்து ஒரு மீற்றர் தள்ளிப் பிடிச்சா புள்ளி 40 மைக்ரோன், ரெண்டு மீற்றர் எண்டா 20, ஆனா வெளிச்சம் குறையும். டோர்ச் வெளிச்சம் நேரா டெலஸ்கோப்புக்குள்ள போகாம ஒரு மட்டைத் துண்டால மறையுங்க.

கரண்ட் போஸ்டில இருக்கிற பீங்கான் இன்சுலேட்டர்ல வெயில் மின்னுமே, அதுவும் இதே வேலைதான். 100 மீற்றர் தள்ளி இருக்கிற ஒண்டப் பாத்தீங்க எண்டா காசில்லாத நட்சத்திரம். விடிய 7 மணிக்கு முன்னம் பின்னம் பாருங்க, பிறகு றோட்டுச் சூடு எல்லாத்தையும் ஆட்டிப் போடும்.

இன்டர்நெட் ஃபைபர் வயர் பாவிக்கலாமா?

பாவிக்கலாம். மஞ்சள் நிறச் சிங்கிள் மோட் ஃபைபரின்ர நடுக் கண்ணாடி 9 மைக்ரோன் அளவில வரும், அதச் சுத்தி 125 மைக்ரோன் கண்ணாடி. மல்டி மோட் எண்டா நடுப்பகுதி 50 அல்லது 62.5. மல்டி மோட் கிடைச்சா அதுவே எங்களுக்குப் போதும், வெளிச்சமும் கனக்கப் போகும். சிங்கிள் மோட்ல டோர்ச் வெளிச்சம் உள்ள போறது கஷ்டம், குட்டித் துண்டு எண்டா சுத்தி இருக்கிற 125 மைக்ரோன் கண்ணாடியாலயும் வெளிச்சம் ஓடி வந்து புள்ளிய மொத்தமாக்கிப் போடும், அதால ஒண்டு ரெண்டு மீற்றர் நீளமா எடுத்து ரெண்டு சுத்துச் சுத்தி விடுங்க. வீட்டில இன்டர்நெட் ஓடுற வயரக் கழட்டி முனையக் கண்ணால பாக்க வேணாம். அதில வாறது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

வெள்ளை எல்ஈடியா, பச்சையா?

நியூட்டோனியன்ல கண்ணாடி மட்டும்தான், எல்லா நிறமும் ஒரே இடத்தில ஃபோக்கஸ் ஆகும், வெள்ளை போதும். ஆனா வளையங்கள் பச்சையில கொஞ்சம் வெட்டினாப்போலத் தெரியும், ஏனெண்டா ஒவ்வொரு நிறத்துக்கும் வளையத்தின்ர அளவு வேற. நான் பச்சைதான் பாவிக்கிறன், 5 மிமீ எல்ஈடி, 520 நானோமீற்றர் பக்கம். லென்ஸ் டெலஸ்கோப் எண்டா பச்சை கட்டாயம், வெள்ளையில சோதிச்சா ஊதாக் கரையும் மஞ்சள் கரையும் வந்து என்ன பாக்கிறீங்க எண்டே தெரியாது.

கரண்ட் கதை லேசு. பழைய போன் சார்ஜர் 5 வோல்ட், எல்ஈடிக்கு 3 வோல்ட் சொச்சம், நடுவில 220 ஓம் ரெசிஸ்டர் ஒண்டு. வெளிச்சம் காணாட்டி 100 ஓம். எல்ஈடியின்ர மூக்க எமரி பேப்பரால தேய்ச்சு மங்கலாக்கி, எல்ஈடிக்கும் ஓட்டைக்கும் நடுவில ஒரு துண்டு டிரேசிங் பேப்பரும் வைங்க. இதச் செய்யாட்டி வெளிச்சம் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய விழுந்து, வட்டத்தில பாதி இருட்டாத் தெரியும், பேந்து கண்ணாடி பிழை எண்டு அங்கலாய்ப்பீங்க. போன் டோர்ச்சும் சரி, ஓட்டைக்குப் பின்னால இன்சுலேஷன் டேப்பால ஒட்டினா வேலை முடிஞ்சுது.

லேசர் பொயின்ரர் பிரகாசமா இருக்கே, அத வைக்கலாம்தானே?

வேணாம். லேசர் வெளிச்சம் ஒரே சீரான அலை, அதால தூசி, லென்ஸ் பரப்பு எல்லாத்தாலயும் பட்டுத் தெறிச்சு வாறது ஒண்டோட ஒண்டு மோதி மணல் தூவின மாதிரிப் புள்ளிபுள்ளியாத் தெரியும், உண்மையான வளையம் அதுக்குள்ள தொலைஞ்சு போகும். அதவிடப் பெரிய விசயம், 45 மீற்றர் தள்ளி இருக்கிற லேசர 150 மிமீ கண்ணாடியால சேத்து உங்கட கண்ணுக்குள்ள விடுறீங்க. மலிவான பச்சைப் பொயின்ரர்ல 532 நானோமீற்றரோட அகச்சிவப்பும் ஒழுகும், அது கண்ணுக்குத் தெரியாது, கண்ண மூடவும் தோணாது. வானத்துக்கு அடிக்கிற பழக்கமும் வேணாம், சீனன்குடாவில விமானம் இறங்கிற ஊர் இது.

லேசர் கொலிமேட்டர் வேற சாமான், அத ஃபோக்கஸர்ல போட்டுக் கண்ணாடிய நேராக்கிறது. அதுவும் கடையில இருந்து வரேக்கயே கோணலா வாறதுண்டு. ஃபோக்கஸர்ல வச்சு உருட்டிப் பாருங்க, சிவப்புப் புள்ளி வட்டம் போட்டா கொலிமேட்டர முதல்ல கொலிமேட் பண்ணோணும்!

கோணேசர் கோயில் லைட், துறைமுகத்தில நிக்கிற கப்பல் லைட், இதுகளப் பாவிச்சா?

தூரம் கனக்க, அதால நல்லம் எண்டு நினைப்பீங்க. கணக்குப் போடுங்க: 10 சென்ரிமீற்றர் லைட் 2 கிலோமீற்றர்ல இருந்தா 10 ஆர்க் செக்கன் வரும், எயரி டிஸ்க்கோ 1.85. அஞ்சு மடங்குக்கு மேல பெருசு. அதோட தண்ணிக்கு மேலால ரெண்டு கிலோமீற்றர் காத்து, லைட் கொதிக்கிற மாதிரித் தெரியும். இன்னொண்டு, துறைமுகம் கடற்படைக்காரர் இருக்கிற இடம், அந்தப் பக்கம் குழாய நீட்டிக்கொண்டு நிண்டா வந்து கேப்பினம். எனக்கு ஒருக்கா நடந்தது, சனிக்கோளக் காட்டித்தான் தப்பினன், கடைசியில அவையும் வரிசையில நிண்டு பாத்திட்டுப் போனவை.

ஃபூக்கோ டெஸ்டுக்கு லைட் எப்பிடி?

பழைய புத்தகங்கள்ள மெல்லிய வெட்டு ஒண்டு செய்து, பின்னால பல்ப் வைக்கச் சொல்லியிருக்கும். இப்ப ஆரும் அந்தப் பாடு படுறதில்ல. மூக்குத் தேய்ச்ச எல்ஈடிய சவரம் செய்யிற பிளேட்டுக்குப் பின்னால பாதி மறையிற மாதிரி வைங்க, அதே பிளேட்டே வெட்டாவும் வேலை செய்யும், திரும்பி வாற வெளிச்சத்த வெட்டுற கத்தியாவும் வேலை செய்யும். ரொங்கிக்கும் இதே விளையாட்டு, ஒரே கோட்டுக் கண்ணாடியால எல்ஈடியையும் மறைச்சுக் கண்ணையும் மறைக்கிறது. எல்ஈடிக்கும் கண் பாக்கிற இடத்துக்கும் உள்ள இடைவெளி ஏலுமான அளவு குறைவா இருக்கோணும், கூடினா இல்லாத கோணல் தெரியும்.

திருகோணமலையில எங்க வச்சுச் சோதிக்கிறது?

புல்லுத் தரை. கடற்கரை மணலும் தார் றோட்டும் பகல் குடிச்ச சூட்ட ராத்திரி பத்து மணி வரைக்கும் கக்கும். மே மாசத்தில இருந்து கச்சான் காத்து வீசேக்க பின்னேரம் ஒண்டும் செய்யேலாது, விடியவெள்ளண 4 மணிக்குப் பிறகு காத்து விழும், அப்ப பாருங்க. லைட்டையும் டெலஸ்கோப்பையும் நிலத்தோட ஒட்டி வைக்காம ஒரு ஆள் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினாலே படம் பாதி அமைதியாகும். ஏசி றூமில இருந்து நேராக் கொண்டு வந்தா கண்ணாடி வேர்த்துப் போகும், ஒரு மணித்தியாலம் முதலே வெளிய வைங்க.

மான் விசயத்தையும் சொல்லோணும். கோட்டைப் பக்கத்து மானுகள் ராத்திரியில டவுனுக்குள்ள உலாத்தும் எண்டு உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் வளையம் எல்லாம் திடீரெண்டு காணாமப் போச்சு, பற்றரி முடிஞ்சுது எண்டு நடந்து போய்ப் பாத்தா, ஒரு புள்ளிமான் லைட்டுக்கு முன்னால நிண்டு ஸ்டாண்ட் கட்டின கயித்தச் சப்புது.

காசு குடுத்து வாங்கலாமா?

வாங்கலாம். 50 மைக்ரோன்ல இருந்து 250 வரைக்கும் அஞ்சு ஓட்டை உள்ள எல்ஈடி டோர்ச் விக்கிறாங்க, திறமான சாமான். ஆனா குண்டும் டோர்ச்சும் காணும்.

பிழை கண்ணாடியிலயா, லைட்டிலயா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

சோதிக்கிற சாமானையும் சோதிக்கோணும். ஹபிள் டெலஸ்கோப்ப 1990ல அனுப்பினாப் பிறகுதான் கண்ணாடி பிழை எண்டு தெரிஞ்சது, கண்ணாடிய அளந்த கருவியில ஒரு லென்ஸ் 1.3 மிமீ தள்ளி நிண்டிச்சு, அந்தக் கருவி சொன்னபடி கண்ணாடிய வெகு திறமாத் தேய்ச்சிருந்தாங்க. 1993 டிசம்பர்ல மேல போய்த்தான் சரிப்படுத்தினவை.

எங்களுக்கு வழி லேசு. வட்டம் கோணலாத் தெரிஞ்சா முதல்ல லைட்டைக் கால் சுத்துத் திருப்புங்க. கோணலும் சேந்து திரும்பினா ஓட்டைதான் வட்டமில்ல. திரும்பாட்டி உங்கட தலையச் சரிச்சுப் பாருங்க, தலையோட திரும்பினா அது உங்கட கண், எனக்கு இடது கண்ணில அப்பிடி இருக்கு. ஐபீஸைத் திருப்புங்க. அதுக்கும் அசையாட்டி கடைசியாப் பிரைமரி கண்ணாடிய (அடியில இருக்கிற பெரிய கண்ணாடி) கழட்டிக் கால் சுத்துத் திருப்பிப் பூட்டுங்க, கொலிமேஷன் போயிடும், திரும்பச் செய்யோணும், பரவாயில்ல. அப்ப கோணல் திரும்பினா அந்தப் பெரிய கண்ணாடி, இல்லாட்டி செக்கண்டரி, அதாவது குழாய்க்குள்ள சரிவா நிக்கிற சின்னக் கண்ணாடி. கழட்டுறதுக்கு முதல் கண்ணாடியின்ர பின்பக்கம் பென்சிலால ஒரு கோடு போட்டு வைங்க, நான் போடாம விட்டு எந்தப் பக்கம் திருப்பினன் எண்டே தெரியாம முழு ராத்திரியும் போனது.